எந்த இசைச் செயலிக்குப் பணம் கட்டலாம்? கம்பம் மெட்டு ஜீப்காரன் பதில்

கேள்வி: தமிழும் மலையாளமும் கலந்து கேட்பேன். தினமும் மலைப்பாதையில் பயணம். ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஜியோசாவன், ஆப்பிள் மியூசிக் இவற்றில் எதற்குச் சந்தா கட்டலாம்?

மலைப்பாதை என்று நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருப்பேன். கம்பத்திலிருந்து வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் என்னுடையது. காலையில் கம்பம் மெட்டு ஏறி இடுக்கிக்குள் நுழைவேன், பொழுது சாயும்போது இறங்கி வருவேன். ஊர்ப் பெயரிலேயே மெட்டு இருக்கும்போது வண்டியில் பாட்டு இல்லாமல் முடியுமா?

முன்பெல்லாம் இந்தக் கவலையே கிடையாது. கைபேசிக் கடையில் மெமரி கார்டைக் கொடுத்து "கலந்து போடு தம்பி" என்றால், டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஐந்நூறு பாட்டு ஏறியிருக்கும். அத்தனையும் திருட்டுப் பதிவு என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. இப்போது முறையாகப் பணம் கட்டிக் கேட்கிறேன். கட்டிய பிறகுதான் சில விஷயங்கள் புரிந்தன.

முதலில், விளம்பரத்தில் சொல்லும் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபையும் ஆப்பிள் மியூசிக்கும் 10 கோடிக்கு மேல் பாடல்கள் இருப்பதாகச் சொல்கின்றன. பாட்டுக்கு 4 நிமிடம் என்று வைத்து, தூங்காமல் கேட்டாலும் முடிக்க 760 ஆண்டுகள் ஆகும். எனக்கு வேண்டியது முந்நூறு பாட்டு. அவை இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

அதற்கு நான் கண்ட வழி, பத்துப் பாட்டைத் தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொரு செயலியிலும் தேடிப் பார்ப்பது. பத்தும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. அப்பா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படப் பாட்டு ஒன்று, எண்பதுகளின் மலையாளப் பாட்டு ஒன்று, நாதசுரம் ஒன்று, மாரியம்மன் பாட்டு ஒன்று, போன மாதம் வந்த படப் பாட்டு ஒன்று என்று சிதறலாக இருக்க வேண்டும். புதுப் பாட்டு எல்லா இடத்திலும் கிடைக்கும்; அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. பழைய பாட்டில்தான் வண்டவாளம் தெரியும். ஒரு செயலியில் அப்பாவின் பாட்டைத் தட்டினேன். பெயர் சரி, படத்தின் பெயரும் சரி. பாடியவர் மட்டும் யாரோ! அண்மையில் யாரோ பாடிப் பதிந்ததைப் பழைய பாட்டின் பெயரில் ஏற்றியிருந்தார்கள். அப்பா பின்சீட்டில் இருந்தார். இரண்டு வரி கேட்டுவிட்டு, "இவனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறதா?" என்றார்.

தேடும்போது எழுத்தும் படுத்தும். தமிழில் தட்டினால் சில செயலிகளுக்குப் புரியும், சிலவற்றுக்குப் பாதி புரியும். ஆங்கில எழுத்தில் தட்டினாலோ, நம்முடைய ழகரத்தை ஒருவர் இசட்-எச் என்று எழுதியிருப்பார், இன்னொருவர் எல் என்று எழுதியிருப்பார். இல்லையென்று கைவிட்ட பாட்டு எழுத்தை மாற்றியதும் வந்து நிற்கும். மலையாளப் பாட்டுக்கும் இதே கதிதான், ழகரம் இரு மொழிக்கும் பொது அல்லவா.

நேற்றுக் கிடைத்த பாட்டு இன்று ஏன் இல்லை என்று பலர் கேட்கிறார்கள். செயலிக்காரர்களிடம் பாட்டு சொந்தமாக இல்லை. இசை நிறுவனங்களிடமிருந்து உரிமம் வாங்கி ஒலிபரப்புகிறார்கள். ஒப்பந்தம் முறிந்தால் பாட்டும் போய்விடும். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. சில வாரங்களிலேயே சரிகம நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக, அந்த நிறுவனத்தின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து இறங்கின. சரிகம என்றால் நம் வீட்டு இசைத்தட்டுகளில் நாய்ப் படம் போட்டு வந்த பழைய எச்.எம்.வி. என்பதை நினைவில் வையுங்கள். பழைய தமிழ்ப் பாட்டுகளில் பெரும்பங்கு அவர்கள் கையில் இருக்கிறது. 2020இல் இரு தரப்பும் ஒப்பந்தம் செய்த பிறகுதான் அவை திரும்பி வந்தன. அதனால்தான் சந்தாவை ஆண்டுக் கணக்கில் மொத்தமாகக் கட்டாமல் மாதா மாதம் கட்டுகிறேன். சில ரூபாய் கூடப் போகும், போகட்டும்.

இனி மலைப்பாதைக்கு வருகிறேன். உங்களுக்கு இதுதான் முக்கியம்.

கம்பத்தில் டவர் நன்றாகவே இருக்கும். ஏறத் தொடங்கி இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவு தாண்டினால் கோடு குறையும், பிறகு அதுவும் இருக்காது. மேலே போனதும் திரும்ப வரும். நேரடியாக இணையத்திலிருந்து பாட்டுக் கேட்டால் சரணத்தின் நடுவில் நின்றுபோகும். ஆகவே தரவிறக்கிக் கேட்கும் வசதி கட்டாயம் வேண்டும், அந்த வசதிக்குப் பெரும்பாலும் சந்தா கட்டித்தான் ஆக வேண்டும். தரவிறக்கம் என்றதும் பாட்டு நம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

சிம் இல்லாத பழைய கைபேசி ஒன்றை ஜீப்பில் பாட்டுக்கென்றே கட்டிவைத்திருந்தேன். வீட்டு இணையத்தில் நூற்று எண்பது பாட்டைத் தரவிறக்கி வண்டியில் மாட்டியவன், அதன் பிறகு அதைக் கழற்றவே இல்லை. ஒரு மாதம் போல் ராஜபோகம். ஆடி மாதச் சாரலில் ஒரு காலை, கண்ணாடித் துடைப்பான் ஒரு பக்கம் கிரீச்சிட, பின்னால் தூக்குவாளியோடு பதினொரு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, பாட்டைத் தட்டினேன். எல்லாப் பாட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. "இணையத்துடன் இணையுங்கள்" என்று ஒரு வரி. சந்தா உயிரோடு இருக்கிறதா என்று சரிபார்க்க, 30 நாளுக்கு ஒரு முறையாவது செயலி இணையத்தைப் பார்த்தாக வேண்டுமாம். பல சேவைகளில் இந்த நிபந்தனை உண்டு; படிக்காதது என் தவறு. விஷயத்தைச் சொன்னதும், முன்வரிசையில் இருந்த பெரியம்மா கேட்டார்: "பாட்டுக்கும் வாடகையா தம்பி? காலி செய்யச் சொல்லிவிட்டார்களா?"

இதைவிடச் சரியாக இந்த வியாபாரத்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

ஒலித்தரம் பற்றி நிறையப் பேசுவார்கள். ஜீப்புக்கு அது வீண் பேச்சு. வினாடிக்கு 320 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு 2.4 எம்.பி. பிடிக்கும், ஒரு மணி நேரம் என்றால் 144 எம்.பி. நாளுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் திட்டத்தில் இது பத்தில் ஒரு பங்குதான். பதிவில் இருந்தது எதுவும் குறையாத ஒலியை, இழப்பில்லா ஒலி என்று ஆப்பிள் மியூசிக் 2021இலிருந்து கூடுதல் கட்டணமின்றித் தருகிறது. நல்ல கம்பி இயர்போனும் அமைதியான அறையும் இருந்தால் கேட்டு மகிழலாம். சாதாரண ப்ளூடூத் வழியாகப் போகும்போது ஒலி மறுபடியும் சுருக்கப்பட்டுவிடும். இரண்டாவது கியரில் மலையேறும் டீசல் இன்ஜினுக்கு முன்னால் தேவகானமும் ஒன்றுதான், தகர டப்பாவும் ஒன்றுதான்.

பரிந்துரை என்று ஒன்று இருக்கிறதே, அது தனிக் கூத்து. கார்த்திகை பிறந்தால் ஐயப்பசாமிகளுக்கு வண்டி ஓட்டுவேன், குமுளி வண்டிப்பெரியாறு வரைக்கும். அவர்கள் ஏறினால் சரணப் பாட்டு தவிர வேறு போட முடியாது, போடவும் கூடாது. மகரஜோதி முடிந்து மாலையைக் கழற்றி எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் என் செயலி மட்டும் விரதத்தை முடிக்கவில்லை. பங்குனி வரைக்கும் எதைப் போட்டாலும் நாலாவது பாட்டு சரண கோஷம்தான். ஸ்பாட்டிஃபையில் தனிப்பட்ட அமர்வு என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் அப்போது கேட்பதை வைத்து நம் ரசனையைக் கணிக்காது. யூடியூப் மியூசிக்கில் கேட்ட வரலாற்றை நிறுத்திவைக்கலாம். இப்போது கார்த்திகை முதல் தேதி முதல் வேலையாக இதைச் செய்துவிடுகிறேன்.

குடும்பத் திட்டம் மலிவாகத் தெரியும். ஆறு பேர் வரை சேரலாம் என்பார்கள், ஆனால் யூடியூப் போன்ற சேவைகளில் ஒரே முகவரியில் வசிக்க வேண்டும். என் மச்சான் கட்டப்பனையில். ஒன்றரை மணி நேரத் தூரம்தான், மாநிலமே வேறு. எங்களுக்குச் சரிவரவில்லை.

இன்னொன்று, செயலியே மூடிவிடலாம். கூகுள் பிளே மியூசிக் 2020இல் போனது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியில் இந்தியாவை விட்டுக் கிளம்பியது. விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அதே ஆண்டு அறிவித்தது. அதனால் என் முந்நூறு பாட்டின் பெயரையும் மகளின் பழைய கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

சரி, நான் எதற்குக் கட்டுகிறேன்? யூடியூப் பிரீமியத்துக்கு. அதில் யூடியூப் மியூசிக்கும் சேர்ந்தே வருகிறது. என் பத்துப் பாட்டில் ஒன்பது அங்கே கிடைத்தன. எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் யாரோ கைபேசியில் எடுத்த உறுமிமேளம்கூட இருந்தது. இசை நிறுவனங்கள் வெளியிட்டதை மட்டும் வைத்திருக்கும் செயலிகளில் அது வராது. பிள்ளைகள் விளம்பரம் இல்லாமல் காணொளி பார்க்கிறார்கள் என்பது உபரி லாபம். பட்டியல் போட்டு ஒழுங்காகக் கேட்பதற்கு ஸ்பாட்டிஃபை இதைவிட நயமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் மகன் அதன் இலவசச் சேவையை விளம்பரத்தோடு கேட்கிறான், விட மறுக்கிறான். வெறும் படப் பாட்டு போதும், வீட்டில்தான் கேட்பேன் என்பவர் ஜியோசாவனை இலவசமாகவே முயன்று பார்க்கலாம். ஐபோன் வைத்திருந்து நல்ல ஒலிக்கு ஏங்குபவர் ஆப்பிளுக்குப் போகட்டும். விலையை நான் எழுதவில்லை, அடிக்கடி மாறுகிறது; கட்டும் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பத்துப் பாட்டை எழுதிக்கொண்டு, சோதனைக் காலத்தில் ஒரு வாரம் உங்கள் பாதையிலேயே ஓட்டிப் பாருங்கள். அந்த வாரத்தில் ஒரு மழை நாளாவது இருக்கட்டும்.

பழைய கைபேசி இன்னும் ஜீப்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, வண்டியை எடுப்பதற்கு முன் என் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு ஐந்து நிமிடம் அதற்கு இணையம் காட்டுகிறேன். பெரியம்மா பார்த்தால் கேட்பார்: "வாடகை கட்டியாயிற்றா தம்பி?"