பழைய தேக்குத் தரையைத் தேய்ப்பதா, மூடிவிடுவதா?

கேள்வி: ரங்கூன் தாமுவேயில் எங்களுடையது மண்ணிலிருந்து 3 அடி உயரத்தில் கால்கள் மேல் நிற்கும் மர வீடு. 14-க்கு 18 அடிக் கூடத்தில் தேக்குப் பலகைத் தரை. நடந்தால் கிரீச்சிடுகிறது, ஆணிகளைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. அதன் மேலேயே லாமினேட் போட்டுவிடலாம் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். அடியிலிருந்து ஏறும் மண்ணீரம் இப்போது பலகை இடுக்கு வழியாக வெளியேறுகிறது. லாமினேட்டும் அதற்கடியில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அந்த வழியை அடைத்துவிடும். பிறகு கரையான் ஏறினாலும் கண்ணில் படாது. லாமினேட்டின் நடுப்பகுதி மரநாரை அழுத்திச் செய்தது. ஈரம் குடித்து ஓரம் உப்பினால் திரும்ப அமுங்காது.

முதலில் டார்ச்சோடு வீட்டுக்கு அடியில் போய்ப் பாருங்கள். தாங்கு சட்டங்களை, முக்கியமாகக் கால் மேல் உட்காரும் இடத்தில், ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். முனை கால் அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்தச் சட்டம் போய்விட்டது. ஒன்றிரண்டுதான் என்றால் பக்கத்தில் பிங்காடோ (பர்மாவின் உறுதியான கடின மரம்) சட்டம் சேர்த்து போல்ட் போட்டால் போதும். பாதிக்கு மேல் போயிருந்தால் பலகைகளைக் கழற்றி, நம்பர் எழுதி அடுக்கி, சட்டங்களை மாற்றி, அதே பலகைகளையே திரும்பப் போடுங்கள். பலகையே உளுத்திருந்தால்தான் புதுத் தரை.

கிரீச்சிடுவது ஆணி தளர்ந்த பலகை. மேலும் ஆணி அடித்தால் சில மாதத்தில் மறுபடி தளரும். துளை போட்டு 2 அங்குலத் திருகாணி முடுக்கி, தலையை உள்ளே இறக்கி, தேக்குத் துண்டால் அடையுங்கள். மற்ற ஆணிகளையும் 3 மில்லிமீட்டர் உள்ளே தட்டிவிடுங்கள். இல்லையென்றால் மெஷினில் மாட்டும் மணல்தாள் கிழிந்துபோகும். மணல்தாளை 40, 60, 80, 120 என்ற நம்பர் வரிசையில், சொரசொரப்பிலிருந்து நைசுக்கு மாற்றித் தேய்க்க வேண்டும். 60-ஐத் தாண்டிக் குதித்தால் 40 போட்ட கீறல் வார்னிஷுக்கு அடியில் பளிச்சென்று தெரியும். தேய்ப்பவர் முகமூடி போடட்டும். தேக்குத் தூள் மூச்சுக்கு ஆகாது.

ஆணிக் கறுப்பு, இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உண்டாவது. தேய்த்தபின் மிஞ்சினால் லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துத் தடவி, நன்றாகக் கழுவி, 2 நாள் காயவிடுங்கள். அது விஷம், கையுறை கட்டாயம்.

தேக்கில் எண்ணெய் அதிகம். வார்னிஷ் அடிக்கும் முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் அடித்துவிடுங்கள். விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்து வார்னிஷ் உரியும். 252 சதுர அடிக்கு 3 பூச்சு என்றால் சுமார் 7 லிட்டர் பாலியூரித்தேன் வார்னிஷ் வேண்டும்.

ரங்கூனில் மழை ஓய்ந்து மரம் காயும் நவம்பருக்குப் பிறகு வேலையை வையுங்கள். ஆனால் அப்போது விரிந்து தெரியும் மெல்லிய இடுக்குகளை மக்கு வைத்து அடைக்காதீர்கள். மழையில் பலகை உப்பும்போது இடமில்லாமல் ஓரம் தூக்கிக்கொள்ளும்.