ஐ.சி. இல்லாத செல்லும் மாட்டிக்கொள்ளும்

வணக்கம் ஐயா. என் மகளுக்கு டைப் 1 இனிப்புநீர். ஸ்வீடனில் ஒருவருக்கு மரபணு திருத்திய ஸ்டெம் செல்லை (எந்த உறுப்பின் செல்லாகவும் வளரக்கூடியதாம்) பொருத்தினார்கள், உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்தே கொடுக்கவில்லை என்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் ரப்பர் கன்றில் வேறு மரத்து மொட்டை ஒட்டுக்கட்டினால் ஏற்றுக்கொள்கிறது. மனித உடம்பு மட்டும் ஏன் தள்ளுகிறது? மகளுக்கு இது கிடைக்குமா?
— ஒரு தகப்பன், சுங்கை சிப்புட்

அன்புள்ள ஐயா,

மரத்துக்குள் ஒவ்வொரு செல்லாகச் சோதித்துக்கொண்டு ஓடும் ரத்த அணுக்கள் கிடையாது. நமக்கு உண்டு. நம் செல்கள் எச்.எல்.ஏ. என்ற புரதத்தை வெளியே காட்டிக்கொண்டிருக்கும், ஐ.சி. என்ற அடையாள அட்டை மாதிரி. அந்நிய ஐ.சி.யைக் கண்டால் டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள் கொன்றுவிடும். அதனால் முதலில் பி2எம், சிஐஐடிஏ என்ற இரண்டு மரபணுக்களை முடக்குகிறார்கள். எச்.எல்.ஏ.வின் இரு வகையும் மறைந்துவிடும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். வைரஸ் புகுந்த செல்களும் எச்.எல்.ஏ.வை மறைப்பதுண்டு. ஆகவே ஐ.சி.யே இல்லாத செல்லைக் கொல்வதற்கென்றே என்.கே. அணுக்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அவற்றையும் விழுங்கணுக்களையும் தடுக்க, ‘என்னைத் தொடாதே’ என்று சொல்லும் சிடி47 புரதத்தை அதிகமாகச் சுரக்க வைக்கிறார்கள்.

நீங்கள் சொன்ன ஸ்வீடன் சோதனை உப்சாலா நகரில் நடந்தது. அதில், 2024 டிசம்பரில், முன்கைத் தசையில் 17 ஊசிகளாகச் செலுத்தியவை ஸ்டெம் செல்கள் அல்ல. இறந்த கொடையாளியின், இன்சுலின் சுரக்கும் கணையச் செல்கள். எல்லாச் செல்லிலும் திருத்தம் முழுதாக விழவில்லை. அதுவே நல்ல பாடமாயிற்று: திருத்தாதவற்றை டி அணுக்கள் கொன்றன, எச்.எல்.ஏ. போய் சிடி47 சேராதவற்றை என்.கே. அணுக்களும் விழுங்கணுக்களும் தீர்த்தன, மூன்றும் அமைந்தவை பிழைத்தன. 12 வாரம் கழித்தும் இன்சுலின் சுரந்தது. ஆனால் செலுத்திய அளவு கொஞ்சம்; அவர் இன்னும் இன்சுலின் ஊசி போடுகிறார்.

ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த கணையச் செல்களின் சோதனை முடிவு 2025-இல் வந்தது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டில் இன்சுலின் தேவைப்படவில்லை. ஆனால் அவை திருத்தாத செல்கள். எதிர்ப்பை அடக்கும் மருந்து வேண்டியிருந்தது. இந்த இரண்டு வழியையும் இணைப்பதுதான் இலக்கு. ஸ்டெம் செல் என்றால், சரியாகத் திருத்திய ஒரே செல்லைப் பொறுக்கி, சோதித்து, கோடிக்கணக்கில் பெருக்கலாம், கலப்படம் இராது. பயம் ஒன்று உண்டு. முதிராத செல் ஒன்று தங்கிக் கட்டியானால், எதிர்ப்பாற்றலின் கண்ணில் அதுவும் படாது. அதற்காகவே, ஒரு மருந்து கொடுத்தால் செல்கள் தாமே சாகும்படி இன்னொரு மரபணுவைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இப்போதைக்கு எல்லாம் சோதனை நிலைதான். குடிக்கும் ஸ்டெம் செல் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். வயிறு அதைச் சாப்பாடாகச் செரித்துவிடும். மகளின் இன்சுலினை மட்டும் எவர் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். டைப் 1-இல் நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும்.