சூரியப் புயலுக்கு வீட்டில் பெட்டி மாட்டணுமா?

கேள்வி: திருநெல்வேலியில் எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது. சூரியப் புயல் வந்தால் இன்வெர்ட்டர் எரிந்துவிடும் என்று ஏஜென்ட் 8,500 ரூபாய்க்கு ஒரு பெட்டி மாட்டச் சொல்கிறார். மாட்டலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

சூரியனிலிருந்து மின்னூட்டத் துகள்கள் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் எந்நேரமும் வீசிக்கொண்டேதான் இருக்கின்றன. பாலத்துத் தூணில் தாமிரபரணி வெள்ளம் பிரிந்து போகிற மாதிரி, பூமியின் காந்தப்புலம் அவற்றை 60,000 கிலோமீட்டருக்கு அப்பாலேயே பெரும்பாலும் ஒதுக்கிவிடும். சூரியன் இவற்றைத் திடீரென்று மொத்தமாகக் கக்குவதுதான் சூரியப் புயல். அப்போது அந்தப் புலம் ஆடும், ஆடினால் நீளமான மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் பிறக்கும். நீளம் என்றால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் 9 மணி நேரம் இருண்டது அப்படித்தான். உங்கள் மாடியிலிருந்து மீட்டருக்கு வரும் வயர் 20 மீட்டர் இருக்குமா? 2024 மே 10 இரவு அடித்த பெரும்புயலில் லடாக்கின் ஹான்லேயில் வானமே சிவந்தது, உங்கள் ஃபிரிட்ஜ் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதானே இருந்தது?

அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நான் பார்த்த இரண்டிலும் இருந்தது இடி மின்னலில் மின்னழுத்தம் எகிறினால் காக்கப் போடும் சாதாரண எஸ்பிடி கருவிதான், மேலே சூரியன் படம் ஒட்டியிருந்தது. அது சோலார் பேனல் வயர் இன்வெர்ட்டருக்குப் போகும் வழியில் இருக்கும் உங்கள் டிசிடிபி பெட்டியில் முதல் நாளே இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தப்பு ஏஜென்டுடையது, அதற்கு நீங்கள் ஏன் இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டும்? 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இஸ்ரோவின் ஆதித்யா எல்1 விண்கலம் உட்கார்ந்து சூரியனை அளக்கிறது, அதைத் தமிழில் நாலு வரி சொல்ல ஒரு ஆபீசுக்கும் நேரமில்லை, அந்த இடத்தில் இந்த மாதிரி ஆட்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

உங்கள் ஊருக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் வேறு. பூமியின் காந்தப்புலத்துக்கான நடுக்கோடு திருநெல்வேலிக்குப் பக்கத்தில்தான் போகிறது, அதனால் சூரியன் அடைந்ததும் 250 கிலோமீட்டருக்கு மேலே அயனி மண்டலம் என்கிற மின்னூட்டத் துகள் அடுக்கில், துகள் குறைந்த குமிழிகள் கிளம்பும். மார்ச், செப்டம்பர் ஒட்டிய மாதங்களில் இது அதிகம், புயலே இல்லாத நாளிலும் வரும். அப்போது ஜிபிஎஸ் சிக்னல் நடுங்கும். போன் மேப்பில் பெரிதாகத் தெரியாது. ஆனால் நிலம் அளக்கிற கருவியில் அதுவரை 'ஃபிக்ஸ்' என்று காட்டிக்கொண்டிருந்தது 'ஃப்ளோட்' ஆகிவிடும், சென்டிமீட்டர் கணக்கில் இருந்த துல்லியம் போய்விடும். நேரமாச்சு முடிச்சிடலாம் என்று சர்வேயர் இருட்டியபின் அவசரப்பட்டால் விடாதீர்கள். காலையில் அதே புள்ளியில் மறுபடி வைத்துப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் கல் நடச் சொல்லுங்கள்.