அசகுசாவின் கடைத்தெரு – கடிதம்

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாக டோக்கியோ போனபோது அசகுசாவில் உள்ள சென்சோஜி கோயிலுக்குப் போனேன். ஏமாற்றம்தான். வாசலிலிருந்து சன்னதி வரை இரண்டு பக்கமும் கடைகள். விசிறி, சாவிக்கொத்து, பிஸ்கட். உள்ளே போனால் 1958இல் கட்டிய கான்கிரீட் கோயில். மூலவரையும் பார்க்க முடியாது. பழமையின் பெயரில் வியாபாரம் நடக்கிறது என்றே தோன்றியது. அடுத்த வருடம் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறேன். அசகுசாவை விட்டுவிட்டுப் பழைய கோயில்கள் உள்ள காமகுரா போகலாமா? சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி?

கே.

அன்புள்ள கே.,

கோயில்வாசல் கடைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது. கொஞ்சம் திட்டுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1945 மார்ச் 10 விடிவதற்குள் அமெரிக்கக் குண்டுவீச்சில் டோக்கியோவின் கிழக்குப்பகுதி எரிந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் செத்தார்கள். கோயிலும் அதில் போயிற்று. வளாகத்து கிங்கோ மரத்தில் அந்தக் கரி இன்னும் தெரியும். சாம்பலிலிருந்து 13 வருடத்தில் நன்கொடை திரட்டி எழுப்பியவர்களிடம் போய் ‘ஏன் கான்கிரீட்?’ என்று கேட்பீர்களா? பழசுதான் வேண்டுமென்றால் பக்கத்திலேயே 1649இல் கட்டிய அசகுசா ஜிஞ்ஜா என்கிற ஷின்டோ கோயில் இருக்கிறது. பார்த்திருக்க மாட்டீர்கள். 628இல் சுமிதா ஆற்றில் வலை வீசியபோது கன்னோன் சிலையை எடுத்ததாகச் சொல்லப்படும் மீனவச் சகோதரர்களும், அது இன்னதென்று கண்டு சொன்ன ஊர்த்தலைவரும்தான் அங்கே தெய்வங்கள். அந்தச் சிலைதான் உங்களுக்குக் காட்டாத மூலவர். யாருக்குமே காட்டுவதில்லை, வருத்தப்படாதீர்கள். (கன்னோன் நம் அவலோகிதர்தான், பௌத்தர்களின் கருணைப் போதிசத்துவர். அகத்தியர் தமிழ் கேட்டதே அவலோகிதனிடம் என்கிறது வீரசோழியம் என்ற பழைய இலக்கண நூல். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்க் குறை சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள்!)

சரி, கடைகளுக்கு வருவோம். நகமிசே என்கிற அந்தத் தெரு 250 மீட்டர் நீளம், ஏறக்குறைய 90 கடைகள். எடோ காலத்தில் (1603–1868) கோயில் வளாகத்தைப் பெருக்கும் பொறுப்பு சுற்றுவட்டாரத்து மக்களுடையது. அதற்குப் பதிலாகத்தான் வழியோரம் கடை போடும் உரிமை கிடைத்தது. துடைப்பம் பிடித்தவர்களின் கடைத்தெரு அது. 1885இல் செங்கல் கட்டடமாக எழுந்தது, 1923 நிலநடுக்கத்தில் விழுந்தது, 1925இல் மறுபடி எழுந்தது. 1945இல் உள்ளே எல்லாம் எரிந்தும் கட்டடம் நின்றது. ஆக, நீங்கள் திட்டிய கடைகள் நீங்கள் திட்டிய கோயிலைவிட 33 வருடம் மூத்தவை. சிவப்பு விளக்கு தொங்கும் காமினாரிமோன் வாசலும் 1865இல் எரிந்து 95 வருடம் இல்லாமலே கிடந்தது. 1960இல் அதைக் கட்டிக் கொடுத்தவர் பானாசோனிக்கைத் தொடங்கிய மட்சுஷிதா. அவரும் வியாபாரிதான்.

வியாபாரம் என்றீர்களே, ஒமிகுஜி என்கிற பலன் சீட்டு எடுத்தீர்களா? நான் எடுத்தேன். 100 யென்னை நாமே உண்டியலில் போட வேண்டும். போட்டோமா இல்லையா என்று பார்க்க ஆள் கிடையாது. ஆறு பக்கம் உள்ள உலோகக் குடுவையைக் கவிழ்த்துக் குலுக்கினால் சின்ன ஓட்டை வழியாக ஒரு குச்சி எட்டிப் பார்க்கும். அதில் ஜப்பானிய எழுத்தில் எண். எதிரே 100 மர இழுப்பறைகள். குச்சியை வைத்துக்கொண்டு கோடு கோடாக ஒப்பிட்டுத் திணறியபோது பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வந்து சரியான அறையை இழுத்துக் கொடுத்தாள். ‘கியோ’. கெடுபலன். தொலைந்த பொருள் கிடைக்காது, பயணம் நல்லதல்ல. எனக்கு மறுநாள் விமானம்! அந்தப் பெண் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டுத் தன் சீட்டைக் காட்டினாள். அவளுக்கும் கியோ. கெட்டதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம். நீளவாக்கில் மடித்துக் கம்பியில் கட்டச் சொல்லிக் கொடுத்தாள். நான் கட்டியது அவிழ்ந்து விழ, அவளே எடுத்து இறுக்கிக் கட்டினாள்.

அந்த நூறில் ஏறக்குறைய முப்பது கெடுபலன். அதைக் குறைக்காமலே வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்த பத்துப் பேரில் மூன்று பேரை ‘உனக்கு நேரம் சரியில்லை’ என்று சொல்லி அனுப்புகிற வியாபாரி எங்கே இருக்கிறான், சொல்லுங்கள்? கோயில் என்றால் கூட்டமும் கடையும் இல்லாத மௌனம் என்று உங்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சுற்றுலா விளம்பரக்காரர்களாகத்தான் இருக்கும். ஆற்றங்கரை மீனவர்களுக்குக் கிடைத்த தெய்வம், மிட்டாய் விற்பவர்களுக்கு நடுவில் இருப்பதில் அதற்கென்ன குறை?

சாப்பாடு பற்றி என்னிடம் கேட்காதீர்கள். காய்கறிச் சூப்பிலும் மீன்சாறு இருக்கலாம், அவ்வளவுதான் சொல்வேன்.

அப்பா அம்மாவை ஜூலை 9, 10 தேதிகளில் அசகுசாவுக்கே கூட்டிப்போங்கள். ஹோசுகி சந்தை நடக்கும். ஹோசுகி நம் சொடக்குத்தக்காளியின் இனம்தான், ஆனால் உறை ஆரஞ்சு நிறத்தில் ஜொலிக்கும். தொட்டியோடு விற்பார்கள். 10ஆம் தேதி கும்பிட்டால் 46,000 நாள் கும்பிட்ட பலன் என்பது நம்பிக்கை. அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டு டிக்கெட் போடுங்கள். ஜூலையில் அங்கே வியர்வை ஊற்றும், அப்பாவுக்குத் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். காமகுரா ரயிலில் ஒரு மணி நேரம்தான், அடுத்த நாள் போய்க்கொள்ளலாம்.