செலிக்மனில் அரை மணி நேரம்

வணக்கம்.

அமெரிக்காவின் பழைய நெடுஞ்சாலையான ரூட் 66 பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து, அந்தச் சாலையில் இருக்கிற செலிக்மன் என்ற சின்ன ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மகள் பீனிக்ஸில் இருக்கிறாள். போன மாதம் கிராண்ட் கேன்யன் பார்த்துவிட்டு லாஸ் வேகஸ் போகும் வழியில் எங்கள் சுற்றுலாப் பேருந்து அங்கே அரை மணி நேரம் நின்றது. உண்மையைச் சொல்கிறேன், ஏமாற்றமாகப் போய்விட்டது. ஒரே ஒரு தெரு. கூரைமேல் பொம்மைகள், ஓடாத பழைய கார்கள், கடைக்குக் கடை 66 என்று எழுதிய சட்டையும் தகரப் பலகையும். பாலைவனம் என்றீர்கள், மணலே இல்லை. இதில் வரலாறு எங்கே இருக்கிறது? எல்லாம் வியாபாரமாகத்தான் எனக்குத் தெரிந்தது. நான் எதையாவது தவறவிட்டேனா, இல்லை நீங்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டீர்களா?

கே.எஸ்., மதுரை (இப்போது பீனிக்ஸ்)

*

அன்புள்ள கே.எஸ். அவர்களுக்கு,

உங்கள் ஏமாற்றத்தில் என் பங்கும் இருக்கிறது. அந்தக் கட்டுரையில் சாலையைப் பற்றி நிறைய எழுதிவிட்டு, ஊரை நாலு வரியில் முடித்துவிட்டேன். ஊரைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்க வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் மணல். அரிசோனாவில் அந்தப் பகுதி மேட்டுப் பாலைவனம். செலிக்மன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெளிறிய புல்லும் ஜூனிப்பர் புதர்களும்தான் கண்ணுக்கு எட்டிய மட்டும். பகலில் வெயில் காயும், ராத்திரி சுவெட்டர் தேவைப்படும். ஆனால் தண்ணீர் இல்லாத நிலம் என்பது உண்மை. அந்த ஊரின் கதையே தண்ணீரில்தான் தொடங்குகிறது.

வரைபடத்தில் செலிக்மனிலிருந்து மேற்கே கிங்மன் என்ற ஊர் வரை பாருங்கள். இன்டர்ஸ்டேட் 40 என்ற புதிய பெருஞ்சாலை கிட்டத்தட்ட நேராகப் போகிறது, சுமார் 113 கிலோமீட்டர். பழைய சாலையான ரூட் 66 வடக்கே வில் மாதிரி வளைந்து சுமார் 140 கிலோமீட்டர் சுற்றிப் போகிறது. ஏன் இந்தச் சுற்று? பழைய சாலை ரயில் பாதையை ஒட்டிப் போனது. ரயில் பாதை, நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் கிடைக்கிற ஊற்றுகளைத் தேடிப் போனது. வழியில் பீச் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு ஊர் வருகிறதே, அந்தப் பெயரிலேயே ஊற்று இருக்கிறது. அந்த வளைவை நான் முதலில் கவனித்தபோது வண்டியை ஓரங்கட்டி வரைபடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின்கள் டீசலுக்கு மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது. அவை குடித்த தண்ணீரின் தடம் இன்னும் சாலையில் கிடக்கிறது.

செலிக்மனும் ரயிலால் பிறந்த ஊர்தான். 1886இல் பிரெஸ்காட் ஜங்ஷன் என்ற பெயரில் தொடங்கியது. பிறகு ரயில்வேக்குப் பணம் கொடுத்த வங்கிக் குடும்பத்தின் பெயரை வைத்தார்கள். 1926 நவம்பர் 11 அன்று ரூட் 66 அதிகாரபூர்வமாக உருவானது. சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் வரை, பிறகு சாண்டா மோனிகா வரை, எட்டு மாநிலங்கள், ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். முப்பதுகளில் மழை பொய்த்து மண் பறந்துபோன விவசாயக் குடும்பங்கள் இந்தச் சாலை வழியாகத்தான் மேற்கே போயின. போருக்குப் பிறகு விடுமுறைக் குடும்பங்கள் வந்தன. அந்தக் காலத்து கார்கள் அடிக்கடி சூடாகி நிற்கும், டயர் வெடிக்கும். நிற்கிற இடத்தில் தண்ணீர் வேண்டும், பஞ்சர் ஒட்ட ஆள் வேண்டும், சாப்பாடும் படுக்கையும் வேண்டும். செலிக்மன் அதைக் கொடுத்தது. அதில்தான் பிழைத்தது.

எல்லாம் வியாபாரம் என்கிறீர்கள். ஆமாம், வியாபாரம்தான். மாட்டுப் பண்ணையையும் ரயிலையும் விட்டால் அந்த ஊருக்கு என்றைக்குமே வேறு தொழில் இருந்ததில்லை. வருகிறவருக்கு விற்பதுதான் அதன் உழவு. 1950இல் டயரும் பெட்ரோலும் விற்றது, இன்று சட்டையும் தகரப் பலகையும் விற்கிறது. கோயில் வாசலில் பூக்கடை இருப்பதைப் பார்த்து, இது கோயில் இல்லை என்று நாம் சொல்வதில்லையே.

1978 செப்டம்பர் 22. அன்றுதான் இந்தப் பகுதியில் இன்டர்ஸ்டேட் 40 திறக்கப்பட்டது. ஊருக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில். அதுவரை தெருவைக் கடக்கவே காத்திருக்க வேண்டியிருந்த ஊரில், அன்று மதியத்துக்குப் பிறகு நடுத்தெருவில் நிற்கலாம் என்றாகிவிட்டது. வண்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. ஒரே நாளில் நின்றுபோயின. பெரிய சாலையில் வருகிறவருக்கு அங்கே ஒரு ஊர் இருப்பது தெரியக்கூட வழியில்லை. 1985இல் ரயில்வேயும் செலிக்மனில் தன் வேலைகளை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூன் 27 அன்று ரூட் 66 என்ற எண்ணையே தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரயில் போச்சு, சாலை போச்சு, சாலையின் பெயரும் போச்சு. இந்தப் பகுதியில் பல ஊர்கள் இதைவிடச் சின்ன அடியிலேயே காலியாகிவிட்டன.

அப்போது ஊரில் ஒரு முடிதிருத்துநர் இருந்தார். ஏஞ்சல் டெல்கடீயோ, 1927இல் அந்த ஊரிலேயே பிறந்தவர். அப்பா மெக்சிகோவிலிருந்து வந்தவர், அவருக்கும் இதே தொழில்தான். பொருளாதார மந்தக் காலத்தில் அந்தக் குடும்பம் மூட்டை கட்டி கலிபோர்னியாவுக்குக் கிளம்பத் தயாராகிவிட்டது. பிள்ளைகளின் இசைக்குழுவுக்கு வாசிக்க வாய்ப்புகள் வரத் தொடங்கியதால் தங்கிவிட்டார்கள். போகாமல் நின்ற குடும்பம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சாலையைக் காப்பாற்ற வேண்டும் என்று ஏஞ்சல் ஊர் ஊராகப் பேசிப் பார்த்தார். 1987 பிப்ரவரி 18 அன்று செலிக்மனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பதினைந்து பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அரிசோனா அரசுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் செலிக்மன் முதல் கிங்மன் வரையிலான பழைய சாலையை 'வரலாற்றுச் சிறப்புமிக்க ரூட் 66' என்று மாநில அரசு அறிவித்தது. மற்ற மாநிலங்களில் அப்புறம் நடந்தவற்றுக்கெல்லாம் இதுதான் முன்மாதிரி.

அவர்கள் காப்பாற்றக் கிளம்பியது தங்கள் பிழைப்பை. அதற்கான வழியைத் தேடியபோதுதான் அது ஒரு நாட்டின் நினைவு என்பது வெளியே தெரிந்தது. எனக்கு அந்த ஊர்மேல் இருக்கிற மரியாதைக்குக் காரணம் இதுதான். வயிற்றுப்பாட்டுக்காகப் போராடியதால் அந்த வரலாற்றின் மதிப்பு குறைந்துவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் பேருந்து பெரும்பாலும் ஏஞ்சல் கடை முன்னால்தான் நின்றிருக்கும். முன்பக்கம் பரிசுப்பொருள் கடை. உள்ளே ஒரு பக்கத்தில் அந்த முடிதிருத்தும் நாற்காலி இருக்கிறது, அப்பா காலத்து நாற்காலி. சாய்வதற்கு ஒரு நெம்புகோல், கால் வைக்க இரும்புத் தாங்கி. கண்ணாடியைச் சுற்றியும் சுவரிலும் உலகம் பூராவும் இருந்து வந்தவர்கள் விட்டுப்போன விசிட்டிங் கார்டுகள், பணத் தாள்கள், புகைப்படங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. நான் போனபோது ஒரு ஜெர்மன் தம்பதி வந்தார்கள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த அம்மா நாற்காலியின் கைப்பிடியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தகரப் பலகை வாங்க வருகிறவர்கள் அப்படி நிற்கமாட்டார்கள்.

தெருவில் கொஞ்சம் தள்ளி ஸ்னோ கேப் என்ற உணவுக் கடை. ஏஞ்சலின் அண்ணன் ஹுவான் 1953இல் கட்டியது, பெரும்பகுதி ரயில்வே கழித்துப் போட்ட மரத்தில். கதவில் இரண்டு பிடிகள் இருக்கும். ஒன்று போலி. நான் இழுத்தது போலியைத்தான், உள்ளேயிருந்த பெண் சிரித்தார். ஹுவான் 2004இல் இறந்துவிட்டார், அவர் வைத்துப்போன குறும்பு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ரயில்வே வேண்டாம் என்று போட்ட மரத்தில் கட்டிய கடை, ரயில்வே போன பிறகும் நிற்கிறது. அதே ஊரில் ரயில்வேக்குச் சொந்தமான ஹவாசு ஹவுஸ் என்ற பெரிய உணவு விடுதி 1905இல் கட்டப்பட்டது. 2008இல் அதை இடித்துவிட்டார்கள். காப்பாற்ற முயன்றவர்களால் முடியவில்லை. அந்த இடத்தைப் பார்க்கும்போது எனக்குத் துக்கமாக இருந்தது.

நீங்கள் சொன்னதில் ஒன்றை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். கூரைமேல் பொம்மையும் பளபளப்பான பழைய காரும் ஐம்பதுகளை இனிப்பாக மட்டும் காட்டுகின்றன. அதே ஐம்பதுகளில் கறுப்பின மக்களுக்கு இந்தச் சாலையில் பல விடுதிகள் இடம் கொடுக்கவில்லை. எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று தனியாகக் கையேடு அச்சிட்டு வைத்துக்கொண்டு அவர்கள் பயணம் செய்தார்கள். அப்புறம், அந்த ஊற்றுகள் யாருடையவை? ஹுவாலபாய் பழங்குடி மக்களுடையவை. 1874இல் ராணுவம் அவர்களைச் சொந்த நிலத்திலிருந்து கிளப்பி, கொலராடோ ஆற்றங்கரைக்கு நடத்திக் கொண்டுபோய் அடைத்து வைத்தது. உயிரோடு இருந்தவர்கள் அடுத்த ஆண்டு திரும்பி வந்தார்கள். 1883இல்தான் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. பழைய சாலை அந்த நிலத்தின் வழியாகத்தான் போகிறது, பீச் ஸ்பிரிங்ஸ் அவர்களுடைய தலைமையிடம். செலிக்மன் கடைகளில் இது பற்றி எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. இதை என் கட்டுரையிலும் நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

நீங்கள் எதையாவது தவறவிட்டீர்களா என்று கேட்டிருந்தீர்கள். நேரத்தைத்தான் தவறவிட்டீர்கள். அது பேருந்து செய்த வேலை, உங்கள் குற்றமில்லை. அந்த ஊர் பேருந்துகள் கிளம்பிய பிறகுதான் தொடங்குகிறது. மகளிடம் சொல்லி ஒரு முறை காரில் போங்கள். கிழக்கே பிளாக்ஸ்டாஃப் ஊர்ப் பக்கமிருந்து வந்தால் இன்டர்ஸ்டேட்டில் செலிக்மன் வரை போகாதீர்கள். 139ஆம் எக்ஸிட்டில் குரூக்டன் ரோடு என்று இறங்கிவிடுங்கள். அதுவும் பழைய 66தான், அதன் வழியாகவே ஊருக்குள் போய்விடலாம். பெரிய சாலையின் இரைச்சல் விட்டதும் புல்வெளிமேல் காற்று ஓடுகிற சத்தம் காதில் விழும். ராத்திரி ஊரிலேயே தங்குங்கள், தெருவை ஒட்டியே பழைய மோட்டல்கள் இருக்கின்றன. மறுநாள் காலை பீச் ஸ்பிரிங்ஸ் வழியாகக் கிங்மன் போங்கள். பீச் ஸ்பிரிங்ஸிலிருந்து கேன்யனின் அடிவாரம்வரை, ஆற்றங்கரைக்கே இறங்கும் மண் சாலை ஒன்று உண்டு. ஹுவாலபாய் மக்களிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். மழை நாளில் வேண்டாம்.

நான் தங்கிய அன்று ஆறு மணிக்கெல்லாம் தெரு காலியாகிவிட்டது. மோட்டல் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்க் கடைக்காரப் பெண் வெளியே வைத்திருந்த சட்டை ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். கடைசியாகப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். பத்து மணி நேரம் நின்ற கால். தெற்கே சரக்கு ரயில் ஒன்று நிற்காமல் போனது, ஏறக்குறைய ஐந்து நிமிடம் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரயில் போய் முடிந்ததும் எழுந்து, என்னைப் பார்த்து, "காலையில் எட்டு மணிக்கே திறந்துவிடுவேன், காபி இருக்கும்" என்றார்.

அன்புடன்.