மொரிட்ஸ் கிராஸ்மான் கைக்கடிகாரம் உண்மையிலேயே பழைய ஜெர்மன் மரபா, வெறும் பெயர் வியாபாரமா?

பெயர் பழையது, நிறுவனம் புதியது. பழைய பெயரை வாங்கிப் புதுச் சரக்கில் ஒட்டுகிறவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம் என்பதால் சந்தேகம் நியாயமானதே.

டிரெஸ்டனுக்குத் தெற்கே உள்ள கிளாஸ்ஹூட்டே என்ற சிற்றூரில் 1845இல் அடால்ஃப் லாங்கே கடிகாரத் தொழிலைத் தொடங்கினார். மொரிட்ஸ் கிராஸ்மான் என்ற கடிகாரக் கலைஞர் 1854இல் அங்கே தனிப் பட்டறை வைத்தார். 1878இல் கடிகாரப் பள்ளியையும் நிறுவினார். 1885இல் அவர் இறந்ததும் பட்டறை மூடப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் ஊரின் கடிகார நிறுவனங்கள் நாட்டுடைமையாகின. பெர்லின் சுவர் விழுந்த பிறகே மறுமலர்ச்சி. 2008இல் கிறிஸ்டினே ஹட்டர் என்ற கடிகாரக் கலைஞர் கிராஸ்மான் பெயரில் புது நிறுவனம் தொடங்கினார்.

சரக்கு எப்படி? முட்களைப் பாருங்கள். எஃகு முள்ளைக் கையால் தேய்த்து மெருகேற்றி, பிறகு சூடாக்குகிறார்கள். நிறம் மஞ்சளிலிருந்து பழுப்புக்கும் ஊதாவுக்கும் போய் நீலமாகும். இவர்களுக்கு வேண்டியது பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம்; அது வந்த நொடியிலேயே நிறுத்த வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் நீலமாகிவிடும், முள் வீண். உள்ளே பூச்சில்லாத ஜெர்மன் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) தகடு, மாணிக்கக் கற்களைத் தாங்கும் தங்க வளையங்கள் எல்லாம் ஊரின் பழைய வழக்கம்தான். டூர்பில்லான் (புவியீர்ப்பால் வரும் நேரப் பிழையைக் குறைக்கச் சுழலும் கூண்டு) மாடலில், அசைந்து அசைந்து ஓட்டத்தைச் சீராக்கும் சமநிலைச் சக்கரத்தை நிறுத்துவது மனித முடியாலான குட்டித் தூரிகை!

ஆகவே தொடர்ச்சி அறுந்தது உண்மை, கைவேலை போலியல்ல. வம்சாவளிதான் முக்கியம் என்றால் லாங்கே நிறுவனத்தின் பக்கம் போங்கள். 1990இல் அதை மீட்டவர் நிறுவனரின் கொள்ளுப்பேரன் வால்ட்டர் லாங்கே.