பூட்டப்படாத வார்

வணக்கம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் தலைக்கவசத்தை வளர்ந்தவர்களின் விருப்பத்துக்கே விட்டிருக்கின்றன. 1981 இல் வெளியான, மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்த ஹர்ட் அறிக்கையும் மோதல்களில் பெரும்பாலும் கார்காரரின் பிழையையே சுட்டியது. அப்படியிருக்க, மோட்டார் சைக்கிள்காரரை மட்டும் சட்டம் ஏன் வருத்த வேண்டும்? தலைக்கவசம் போட்டால் ஹோர்ன் சத்தமும் சரியாகக் கேட்பதில்லை.
- ஒரு வாசகர், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான், கொக்குவில் சந்தியில் பொலிஸாரைக் கண்டதும் கண்ணாடியில் கொழுவியிருந்த தலைக்கவசத்தை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டு போன ஓர் இளைஞனைப் பார்த்து மனம் நொந்திருந்தேன். நாடிக்குக் கீழே பூட்ட வேண்டிய வார் அவன் தோளில் ஆடிக்கொண்டிருந்தது.

நீங்கள் அந்த அறிக்கையைப் பாதிதான் வாசித்திருக்கிறீர்கள். லொஸ் ஏஞ்சலிஸில் ஏறக்குறைய 900 விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்த அதே குழுதான், தலைக்கவசம் காதையோ கண்ணையோ மறைத்து விபத்தை உண்டாக்கியதற்குச் சான்றில்லை என்றும் எழுதியது. ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு வாதத்துக்கு வராதீர்கள். தனிமனித உரிமை பற்றிய பேச்சை, ஆறு மாதம் நோயாளியின் கட்டிலருகே இருந்த ஒரு தாயிடம் பேசிவிட்டு என்னிடம் வாருங்கள்.

எனக்குச் சொல்ல இருப்பது வாரைப் பற்றி. மோதலில் தலை ஒரு தடவை மட்டும் அடிபடுவதில்லை. முதலில் வாகனத்தில், பிறகு தெருவில். கவசத்துக்குள் இருக்கும் றெஜிபோம் நுரை நசுங்கித்தான் அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. வார் பூட்டாவிட்டால் முதல் அடியிலேயே கவசம் கழன்று பறந்துவிடும், தார்த்தெருவில் வெறும் தலைதான் விழும். 2008 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கவசம் மரண அபாயத்தை 42 வீதமும் தலைக்காய அபாயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்றார்கள். கண்ணாடியில் தொங்குவதற்கும் தலையில் சும்மா குந்தியிருப்பதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை.

என் தமக்கையின் மகன் ரியூஷன் வகுப்பு முடித்து வந்துகொண்டிருந்தபோது, ஒழுங்கையிலிருந்து ஒரு வான் பார்க்காமல் ஏறியது. தலைக்கவசம் வேலியோரத்தில் பூவரச மரத்தடியில் கிடந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு எடுத்துவந்து மேசையில் வைத்தபோதுதான் கவனித்தேன்: வாங்கி ஏழு மாதமாகியும், வாரின் பூட்டைக் கடையில் சுற்றிக் கொடுத்த பொலித்தீன் பிரிக்கப்படாமலே இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த தலைக்கவசம் அது. பூட்டிக் காட்டாமல் கொடுத்துவிட்டேன்.

பிழை யாருடையது என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. அன்றைக்கும் பிழை முழுவதும் அந்த வான்காரருடையதுதான்.